திம்பம் போகாத சனிக்கிழமை: ஓர் ஆலைக்கொட்டகையில் நாலரை மணி நேரம்

போன டிசம்பரில் என் வலது தோளில் காறை எலும்பு உடைந்தது. பெருந்துறை தொழிற்பேட்டையில் வேலை முடித்து பைக்கில் திரும்பும்போது ஈரச் சாலையில் சறுக்கி விழுந்தேன். வீரக்கதை எதுவும் இல்லை. மில்களில் ஓடும் ஏர் கம்ப்ரசர்களைப் பழுது பார்ப்பது என் தொழில். ஆறு வாரம் கையைத் தூக்கக் கூடாது, வண்டி ஓட்டக் கூடாது, நன்றாக ஓய்வெடுங்கள் என்றார் மருத்துவர். எப்படி எடுப்பது என்று மட்டும் சொல்லவில்லை. இருபத்தொன்பது வயதில் எனக்கு அது உண்மையாகவே தெரியாது.

முதல் வாரத்திலேயே வீட்டுக் குழாய்களுக்கெல்லாம் இடது கையால் வாஷர் மாற்றி முடித்துவிட்டேன். இரண்டாவது வாரம் குளிர் வந்தது. வங்கக் கடலில் ஏதோ ஒரு தாழ்வு நிலை, கோவையில் மூன்று நாளாக விடாத தூறல், மதியம் பன்னிரண்டு மணிக்குப் பத்தொன்பது டிகிரி. ஊட்டிக்காரர்கள் இதைப் படித்தால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். உடைந்த எலும்புக்குப் பத்தொன்பது டிகிரி என்ன செய்யும் என்பது உடைத்துக்கொண்டவனுக்குத்தான் தெரியும்.

குளிர் நாளில் கதகதப்பாக ஓய்வெடுப்பது எப்படி என்று இணையத்தில் தேடினேன். கணப்பு அடுப்பின் முன்னால் உட்காருங்கள், கம்பளிக் காலுறை போடுங்கள், ஜன்னலுக்கு வெளியே பனி விழுவதைப் பாருங்கள் என்றார்கள். சரவணம்பட்டியில் எங்கள் வீட்டில் நெருப்பு எரியும் ஒரே இடம் கேஸ் அடுப்பு. அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் என் மனைவி பூரணி என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியும். அதனால் நம் ஊருக்கு ஒத்து வருகிற மாதிரி நானே ஒரு திட்டம் போட்டேன்.

ஒரே நாள். காலை ஆறு மணிக்குப் புறப்பாடு. 6.45க்கு அன்னூரில் டீயும் சூடான போண்டாவும். 8.30க்கு சத்தியமங்கலம் பக்கத்தில் வெல்லம் காய்ச்சும் ஆலைக்கொட்டகை, அடுப்பு ஓரத்தில் நாற்பது நிமிடம். 10.20க்குத் திம்பம் மலைப்பாதையின் உச்சி. 11.15க்கு ஆசனூரில் ஒரு தங்கும் விடுதி. அங்கே நெருப்பு மூட்டித் தருவார்கள், போர்வை தருவார்கள், சூடாகச் சாப்பாடு. மூன்று மணிக்கு இறங்கினால் ஆறரைக்கு வீடு. மொத்தம் 210 கிலோமீட்டர்.

இதை எக்ஸலில் போட்டு பூரணிக்குக் காட்டினேன். அவள் ஒரு கல்லூரியில் கணக்குப் பாடம் எடுக்கிறாள்.

“ஏனுங்க, இது ரெஸ்ட்டுங்களா, பரீட்சை டைம்டேபிளுங்களா?”

“ரெஸ்ட்டுதான். மூணே முக்கால் மணி நேரம் ஆசனூர்ல சும்மா இருக்கறோம், பாரு.”

“அதுக்கு ஏழு மணி நேரம் கார்ல உக்காரோணும். கையொடிஞ்சும் புத்தி மாறல உங்களுக்கு.”

ஆனாலும் வந்தாள். தனியாக அனுப்பினால் நான் எதையாவது கழற்றிப் பார்ப்பேன் என்ற பயம்.

நான் ஓட்ட முடியாது, பூரணிக்கு ஓட்டத் தெரியாது. அதனால் ஒரு வாரம் முன்பே நாச்சிமுத்து அண்ணனிடம் சொல்லி வைத்திருந்தேன். நாற்பத்தைந்து வயது இருக்கும், சொந்தமாக ஏழு பேர் உட்காரும் கார் வைத்து ஓட்டுகிறார். எங்கள் தெருவில் பாதிப் பேருக்கு அவர்தான் வண்டி. அவர் சத்தமாகப் பேசியோ முடியாது என்று சொல்லியோ யாரும் கேட்டதில்லை. ஒரு நாள் வாடகை டீசலோடு சேர்த்து 4,200 ரூபாய்.

சனிக்கிழமை காலை 5.52க்கு போன். “தம்பி, வந்துபோட்டேனுங்க. மெதுவா வாங்க, அவசரமில்லீங்க.”

கீழே போனால், கார் அப்போதுதான் கழுவி ஈரமாக நின்றது. வைப்பருக்கு அடியில் நாலைந்து செவ்வந்தி இதழ்கள் ஒட்டியிருந்தன. பார்த்தேன். ஏதோ பூஜை போலிருக்கிறது என்று நினைத்து ஏறிவிட்டேன். தோளுக்கு இடம் வேண்டும் என்பதால் நான் முன் சீட்டில், பூரணி பின்னால்.

அன்னூர் 22 கிலோமீட்டர், 6.40க்குச் சேர்ந்தோம். ஐந்து நிமிடம் மிச்சம் என்று எனக்குச் சந்தோஷம். பேருந்து நிலையத்தை ஒட்டிய டீக்கடையில் போண்டா பத்து ரூபாய், டீ பன்னிரண்டு. குளிரில் கண்ணாடி டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்துக்கொண்டு நிற்பது தனி சுகம். எனக்கு அன்று ஒரே உள்ளங்கைதான். அண்ணன் எதுவும் சாப்பிடவில்லை. இரண்டு டீ குடித்தார், பாட்டில் தண்ணீரில் முகம் கழுவினார், மறுபடியும் கழுவினார். இந்தக் குளிரில் எப்படி முடிகிறது என்று மட்டும் யோசித்தேன்.

புளியம்பட்டி தாண்டியதும் அவர் தன் பக்கத்து ஜன்னலை முழுக்க இறக்கிவிட்டார். ஊசி மாதிரி காற்று.

“ஜன்னலை மூடுங்கண்ணா, தோள் விறைக்குது.”

“சரிங்க தம்பி.”

மூடினார். இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் இருந்த வேகத்தடையில் அறுபதில் ஏறி இறங்கினார். காறை எலும்பில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி இருந்தது. நான் கத்தினேன். அவர் திடுக்கிட்டு, “மன்னிச்சுக்கங்க தம்பி, பெயிண்டு அடிக்காம உட்டிருக்கறானுங்க,” என்றார். திரும்பிப் பார்த்தேன். வெள்ளைப் பட்டை பளிச்சென்று இருந்தது.

பின்னாலிருந்து பூரணி, “அண்ணா, ராத்திரி தூங்குனீங்களா?” என்று கேட்டாள்.

“அதெல்லாம் ஆச்சுங்க அம்மணி.”

அவள் என் சீட்டின் முதுகில் விரலால் தட்டினாள். எனக்குப் புரிந்தது. ஆனால் மணி 7.48, சத்திக்கு இன்னும் பதினான்கு கிலோமீட்டர். “விடு பூரணி, எட்டரைக்கு ஆலைல இருக்கோணும்,” என்றேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கம்ப்ரசர் பேரிங் போகும்போது சத்தம் லேசாக மாறும். அதை இருபதடி தூரத்திலேயே கண்டுபிடித்து மெஷினை நிறுத்தச் சொல்கிற ஆள் நான். ஒன்றரை அடி தூரத்தில் இருந்த மனிதரை நிறுத்தச் சொல்லவில்லை.

சத்தியிலிருந்து கோபி போகும் சாலையில் அரியப்பம்பாளையம் தாண்டி, வலது கைப்பக்கம் ஒரு மண் தடம் பிரிகிறது. அதில் எண்ணூறு மீட்டர் உள்ளே போனால் கரும்புக் காட்டுக்கு நடுவில் கொட்டகை. தூரத்திலேயே புகைபோக்கி தெரியும், அதற்கு முன்பே வாசனை வந்துவிடும். 8.27க்கு இறங்கினோம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேலே தகரக் கூரை, மூன்று பக்கம் திறந்த கொட்டகை. ஒரு ஓரத்தில் கரும்பு அரைக்கும் மெஷின். நடுவில், தரை மட்டத்திலேயே பதித்த பெரிய இரும்புக் கொப்பரை, நாலு பேர் படுக்கலாம் போல அகலம். அதில் கரும்புச் சாறு கொதித்துக்கொண்டிருக்கும். அடுப்பு பூமிக்கு அடியில். பின்பக்கம் ஒரு பள்ளத்தில் ஒருவர் உட்கார்ந்து காய்ந்த கரும்புச் சக்கையைத் தள்ளிக்கொண்டே இருப்பார். ஒரு கொப்பரை சாறு வெல்லமாக மூன்று மணி நேரம் ஆகும். நெருப்பின் சூடு கொப்பரையைத் தாண்டி, ஒரு நீளமான செங்கல் சுவருக்குள் புகுந்து புகைபோக்கிக்குப் போகிறது. அந்தச் சுவர் முழுவதும் இளஞ்சூடாக இருக்கும். சுவரை ஒட்டி இரண்டு கயிற்றுக் கட்டில், கொஞ்சம் சாக்கு மூட்டைகள். குளிர் நாளுக்கு நான் தேடிய இடம் அதுதான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. நாற்பது நிமிடம் ஒதுக்கியது குறைவோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது.

ஆலையை நடத்துவது சரஸ்வதி அக்கா. ஐம்பது வயதுக்குள் இருக்கும், சேலைக்கு மேல் ஒரு ஆண்கள் முழுக்கைச் சட்டை. அவர் கணவர் கொப்பரை ஓரத்தில் நின்று நீளமான மரத் துடுப்பால் பாகைத் துழாவிக்கொண்டிருந்தார். நாங்கள் இருந்தவரை அவர் மொத்தம் பத்து வார்த்தைதான் பேசினார். பேச்சு முழுக்க அக்கா கணக்கில்.

“வாங்க வாங்க. கோயமுத்தூருங்களா? இந்தத் தூத்தல்ல வந்திருக்கறீங்க. கை என்னாச்சுங்க?”

ஆலைக்கு யார் வந்தாலும் முதலில் சாறு, பிறகு பாகில் நனைத்த தேங்காய். இதற்குக் காசு கிடையாது. அரை மூடித் தேங்காயை ஒரு நீளக் கம்பியில் குத்தித் தருவார்கள். கொதிக்கிற பாகில் முக்கி எடுத்தால் சுற்றிலும் வெல்லம் கட்டிக்கொள்ளும். என் கை முடியாததால் அண்ணன், “நான் நனைச்சுத் தாரேனுங்க தம்பி,” என்று கம்பியை வாங்கிக்கொண்டு கொப்பரை ஓரம் போய்க் குனிந்தார்.

அக்கா சாறு ஊற்றிக்கொண்டிருந்த சொம்பைக் கீழே வைத்துவிட்டு மூன்றே எட்டில் போய் அவருடைய முழங்கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். இழுத்த பிறகுதான் நானும் பார்த்தேன். அண்ணனின் கண் மூடியிருந்தது. நின்றபடியே, கம்பியைப் பிடித்தபடியே.

“தூக்கத்துல இருக்கறவங்கள கொப்பரைகிட்ட உடறதில்லீங்க,” என்றார் அக்கா. கோபம் இல்லை, விதியைச் சொல்கிற குரல். “எங்காளுகளையே உட மாட்டேன். தூங்கி எந்திரிச்சவருதான் துடுப்பத் தொடோணும். எங்க மாமனார் காலத்துல ஒருத்தர் காலு உள்ள போயிருச்சுங்க. அதுலருந்து இதுதான்.”

“தூங்கலீங்க அக்கா, புகை கண்ணுல பட்டுருச்சு.”

“சரிங்க. எத்தன மணிக்கு ஊடு வந்தீங்க?”

தூங்கினீர்களா என்று கேட்டால் ஆச்சுங்க என்று சொல்லிவிடலாம். மணியைக் கேட்டால் மணியைத்தான் சொல்ல வேண்டும்.

“மூணே முக்காலுங்க.”

பிறகு எல்லாம் வந்தது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகும் சாமிகளுக்கு வண்டி ஓட்டுவது அவர் வழக்கம். புதன்கிழமை போய் வியாழன் திரும்பியிருக்கிறார். வியாழன் ராத்திரியே அடுத்த குழு. ஒரு வழிக்கே ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். இன்று காலை 3.45க்கு வீடு, பூ மாலையைப் பிய்த்து, வண்டியைக் கழுவி, எங்கள் வாசலுக்கு வந்துவிட்டார். இன்று ராத்திரி எட்டு மணிக்கு, கோவையில் கணபதி பகுதியிலிருந்து மூன்றாவது குழு.

“ஏங்கண்ணா, எனக்கு ஒரு போன் போட்டு வரலைன்னு சொல்லியிருக்கலாமில்ல?” என்றேன். எனக்கு எரிச்சல்தான் முதலில் வந்தது.

“ஒரு வாரத்துக்கு முன்னாலயே வாரேன்னு சொல்லிப்போட்டேனுங்க தம்பி. கை முடியாதவரு ஆசையா பொறப்பட்டு நிக்கறப்ப வரலைன்னா நல்லாவா இருக்கும்?”

பூரணி அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். இங்கிருந்து சத்திக்குத் திரும்பி, பண்ணாரி தாண்டினால் திம்பம் மலைப்பாதை. இருபத்தேழு கொண்டை ஊசி வளைவு, மேலே மூடுபனி, எதிரில் கர்நாடகா லாரிகள். வெள்ளைப் பட்டை கண்ணுக்குத் தெரியாத மனிதர் அதில் ஏற்றி இறக்குவதாக இருந்தது, ஏனென்றால் நான் டைம்டேபிள் போட்டிருந்தேன்.

“கட்டில்ல படுங்க,” என்றேன்.

“அரை மணி நேரம் மட்டுங்க தம்பி. ஒம்போதுக்கு எழுப்பி உட்ருங்க. பத்தேகாலுக்குத் திம்பம் ஏத்திப்போடலாம்.”

“எழுப்பறேன்.”

பொய் சொன்னேன். அவர் செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, சூடான சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். அக்கா ஒரு சாக்கை எடுத்து மேலே போர்த்தினார். மணி 8.41. பதினைந்து வரை எண்ணியிருக்க மாட்டேன், குறட்டை.

இனி வருவதுதான் இந்தப் பதிவின் கஷ்டமான பகுதி. நான் சும்மா இருந்தேன்.

முதல் இருபது நிமிடம் போனில் கணக்குப் போட்டேன். அவர் பத்துக்கு எழுந்தால் திம்பம் 11.45, ஆசனூர் 12.40. பத்தரைக்கு எழுந்தால் எப்படி என்று இன்னொரு கணக்கு. பிறகு எழுந்து போய் கரும்பு மெஷினைப் பார்த்தேன். மோட்டார் பெல்ட் தளர்ந்து தட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் உட்கார முடியாது. ஸ்பானர் இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஒத்தக் கையில என்னத்த பண்ணப் போறீங்க தம்பி? போயி உக்காருங்க,” என்றார் அக்கா. “அது ஆறு மாசமா அப்படித்தான் தட்டுது.”

“அதனாலதான் சொல்றேன்.”

“ஏனுங்க அம்மணி,” என்று பூரணியிடம் திரும்பினார், “ஊட்டுலயும் இப்படித்தானுங்களா?”

“ஊட்டுல இன்னும் மோசமுங்க அக்கா. மிக்ஸிய மூணு தடவ கழட்டிப்போட்டாரு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். அக்காவின் கணவரும் துடுப்போடு சிரித்தார். போய் உட்கார்ந்தேன்.

இரண்டாவது கட்டிலில் ஈரத் துணிகளைக் காயப்போட்டிருந்ததால், சாக்கு மூட்டைகளில் ஒன்றை இழுத்துப் போட்டுச் சுவரில் முதுகைச் சாய்த்தேன். முதலில் சூடு தெரியவில்லை. ஐந்து நிமிடம் கழித்துச் சட்டைக்குள் மெதுவாக இறங்கியது. நீவிவிட்ட மாதிரி, வலது தோளின் பின்பக்கம் முழுவதும். இரண்டு வாரமாக எந்தத் தலையணையை எப்படி வைத்தாலும் ஒரு கோணத்தில் குத்திக்கொண்டே இருந்த எலும்பு, அங்கே குத்தவில்லை. வேறு எதைச் சொல்கிறேனோ இல்லையோ, இதை உறுதியாகச் சொல்வேன்: மருந்துக்கடையில் வாங்கிய ஒத்தடப் பை இதற்குப் பக்கத்தில்கூட வராது.

தகரக் கூரையில் தூறல். எதிரே கொப்பரையில் பாகு தடித்துக்கொண்டு வரும்போது கொதிக்கும் சத்தம் மாறுகிறது. முதலில் சளசளவென்று, பிறகு கனமாக, ஒவ்வொரு குமிழியாக. அக்கா இஞ்சி தட்டிப் போட்ட வெல்லக் காபி கொடுத்தார். தேங்காயையும் அவரே நனைத்துத் தந்தார். வெளியே மொறுமொறுவென்று, உள்ளே பாலாக. பூரணி ஸ்வெட்டரை என் மடியில் போட்டுவிட்டு, கொண்டுவந்த விடைத்தாள் கட்டைத் திருத்த உட்கார்ந்தாள். ஓய்வு நாளில் விடைத்தாள் எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்கும் தகுதி அன்று எனக்கு இல்லை.

ஒன்பதே முக்காலுக்கு ஆசனூர் விடுதிக்கு போன் செய்து வரவில்லை என்று சொன்னேன். முன்பணம் ஆயிரம் ரூபாய் திரும்ப வராது என்றார்கள். சரி என்றேன். அதற்குப் பிறகு போனை எடுத்ததாக நினைவில்லை. கண் விழித்தபோது மணி 11.20, ஸ்வெட்டர் கழுத்து வரை போர்த்தியிருந்தது, முதல் கொப்பரை வெல்லம் ஆறி, உருண்டைகளாகப் பலகையில் வரிசையாக இருந்தது. எலும்பு உடைந்த பிறகு வலி மாத்திரை இல்லாமல் நான் தூங்கிய முதல் ஒன்றரை மணி நேரம் அது.

நாச்சிமுத்து அண்ணன் 12.05க்கு எழுந்தார். போனைப் பார்த்ததும் முகம் போன போக்கு இருக்கிறதே.

“தம்பி, எழுப்பறேன்னு சொன்னீங்களேங்க.”

“சொன்னேன். எழுப்பலை.”

“உங்க நாளையே கெடுத்துப்போட்டேனே. இப்பவும் ஒண்ணும் ஆகலைங்க, ரெண்டு மணிக்கு ஆசனூர்ல இறக்கி உட்டர்றேன். ஏறுங்க.”

“ஆசனூர் கேன்சல். வீட்டுக்குத்தான் போறோம். அது இருக்கட்டும், ராத்திரி எட்டு மணி ட்ரிப்ப என்ன பண்ணப் போறீங்க?”

“அது போயித்தானுங்க ஆகோணும். மூணே கால் மணி நேரத்துக்கு மேல தூங்கிட்டேனில்ல, போதுமுங்க.”

மூன்று நாளுக்கு மூன்றே கால் மணி நேரம். அதுவும் இரவு முழுக்க மலைப்பாதை, வண்டியில் ஏழு பேர். வேறு டிரைவரை அனுப்பச் சொன்னேன். சாமிகள் இவரை நம்பித்தான் வருகிறார்களாம். நேரத்தை மாற்றச் சொன்னேன், வாக்குக் கொடுத்தாயிற்றாம். பூரணி நயமாகச் சொல்லிப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார், எதையும் செய்யவில்லை. எங்கள் பக்கத்து மரியாதையில் இது ஒரு கஷ்டம். எதிராளி மனம் நோகும் என்றால் தன் உயிரைக்கூடக் கணக்கில் எடுக்க மாட்டார்கள்.

எனக்கு அந்த மரியாதை கொஞ்சம் குறைவு என்று வீட்டில் சொல்வார்கள். “போனைக் குடுங்கண்ணா,” என்று வாங்கி, அந்தக் குழுவைக் கூட்டிப்போகும் குருசாமியின் எண்ணை அவரிடமே கேட்டு அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டேன். பூரணி என் நல்ல கையைக் கிள்ளினாள்.

“சாமி, நாச்சிமுத்து அண்ணன் வண்டியில வந்த ஆளு பேசறேன். அண்ணனால இன்னிக்கு ராத்திரி வண்டி எடுக்க முடியாது. மூணு நாளா தூங்கலை. இன்னிக்குக் காலைல எங்க முன்னாலயே நின்னபடியே கண்ணு மூடுச்சு.”

அண்ணன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

“சாமி சரணம்,” என்றது வயதான குரல். “ஏனுங்க, அவுரு இதச் சொல்லவே இல்லீங்களே.”

“அவரு சொல்ல மாட்டாருங்க. அதான் நான் சொல்றேன்.”

“அய்யோ, எங்களுக்குமே காலைல அஞ்சு மணிக்குப் பொறப்படத்தானுங்க ஆசை. வயசான சாமி ரெண்டு பேரு வாராங்க, இந்தக் குளுருல ராத்திரிப் பயணம் வேண்டாம்னு ஊட்டுல சொல்லிட்டே இருந்தாங்க. டிரைவர் சாமி எட்டு மணிக்கு வாரேன்னாரு. நாம மாத்திச் சொன்னா அவுரு சங்கடப்படுவாருன்னு உட்டுட்டோம்.”

நாச்சிமுத்து அண்ணன் போனை என் கையிலிருந்து பிடுங்காத குறை. “சாமி, நானெங்கீங்க எட்டு மணின்னு சொன்னேன்? போன வருசம் எட்டு மணிக்குப் போனமே, அதுதான் உங்களுக்குத் தோதுன்னு நெனச்சேனுங்க.”

“நமக்கெங்க தோது? உங்களுக்குத் தோதுன்னு நெனச்சோமுங்க.”

கொப்பரைக்குப் பக்கத்திலிருந்து அக்காவின் கணவர் அன்றைக்கு முதல் முறையாக முழு வாக்கியம் பேசினார்: “நல்லாத் தோதா இருந்துக்குறீங்க, போங்க.”

புறப்பாடு ஞாயிறு காலை ஐந்து மணி என்று முடிவானது. அண்ணன் போனை வைத்துவிட்டு, போர்த்தியிருந்த சாக்கை மடித்துக் கட்டிலில் வைத்தார். பிறகு என்னிடம், “இத நானே கேட்டிருக்கலாமுங்க தம்பி,” என்றார். நானும் காலையில் கேட்டிருக்கலாம் என்றேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அக்கா விடவில்லை. அரிசிம்பருப்புச் சோறு, மேலே ஒரு கரண்டி நெய், தொட்டுக்கொள்ளத் தயிரும் ஊறுகாயும். குளிருக்குச் சோற்றில் ஆவி பறந்தது. இரண்டு தடவை வேண்டாம் என்றதும் மூன்றாவது தடவை கேட்காமலே போட்டார். அண்ணன் அன்றைக்கு முதன்முதலாகச் சாப்பிட்டார், மூன்று தட்டு. காசு வாங்க மறுத்ததால் ஐந்து கிலோ வெல்லம் வாங்கினோம், கிலோ எழுபது ரூபாய். 1.05க்குப் புறப்பட்டோம். 2.50க்கு வீடு. வழியில் எல்லா வேகத்தடையிலும் இருபதில் ஏறினார். ஞாயிறு மாலை அவரிடமிருந்து ஒரு குரல் செய்தி வந்தது: சாமிகளோடு பம்பை சேர்ந்துவிட்டார், ராத்திரி ஒன்பது மணி நேரம் தூங்கினாராம், “சும்மா சொல்லோணும்னு தோணுச்சுங்க.”

அந்தச் சனிக்கிழமைக்கு நான் பலருக்கு நன்றி சொல்ல வேண்டும். சொம்பைக் கீழே வைத்துவிட்டு மூன்று எட்டில் ஓடிய அக்காவுக்கு முதலில். என் சீட்டின் முதுகில் விரலால் தட்டிய பூரணிக்கு. அவள் சொல்லிக்காட்டவே இல்லை, இதை எழுதும் இன்று வரை. எதையும் எதிர்பார்க்காமல் இரண்டு அந்நியரைத் தங்கள் சுவரோரம் தூங்கவிட்ட ஆலைக்காரர்களுக்கு. ஆசனூரில் நெருப்பு மூட்டி உட்கார்ந்திருந்தால் நல்ல படங்கள் கிடைத்திருக்கும். நாங்கள் இறங்கி வந்திருப்போமா என்பது வேறு கேள்வி.

போக நினைப்பவர்களுக்குச் சில தகவல். சரவணம்பட்டியிலிருந்து ஆலைக்கு 64 கிலோமீட்டர், காரில் நிதானமாக இரண்டு மணி நேரம். பேருந்து என்றால் காந்திபுரத்திலிருந்து சத்தி, அங்கிருந்து கோபி பேருந்து, பிறகு மண் தடத்தில் நடை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் பல ஆலைகள் உண்டு. புகை தெரிகிற இடத்தில் போய்க் கேட்டுவிட்டு உள்ளே நுழையுங்கள், யாரும் விரட்ட மாட்டார்கள். மழை பலமாக இருந்தால் சக்கை நனைந்து அடுப்பு மூட்ட மாட்டார்கள், அதனால் தூறல் நாளே நல்லது. காலை எட்டு மணிக்குப் போனால் ஒரு கொப்பரையை முதலிலிருந்து கடைசி வரை பார்க்கலாம். அரை மூடித் தேங்காய் கையோடு கொண்டுபோங்கள். நைலான் உடை வேண்டாம், வழுக்கும் செருப்பு வேண்டாம், கொப்பரை ஓரத்தில் நின்று செல்பி வேண்டவே வேண்டாம். நாற்பது நிமிடம் ஒதுக்காதீர்கள். அரை நாள் ஒதுக்குங்கள், அடுத்து எங்கே என்று எதுவும் போடாதீர்கள்.

வாடகை வண்டி என்றால், ஏறுவதற்கு முன் ஓட்டுநரிடம் தூங்கினீர்களா என்று கேட்காதீர்கள். அதற்கு எங்கள் ஊரில் ஒரே பதில்தான் வரும். எத்தனை மணிக்கு வீட்டுக்கு வந்தீர்கள் என்று கேளுங்கள். மூன்று, மூன்றரை என்று பதில் வந்தால் பையைத் திரும்ப உள்ளே வைத்துவிடுங்கள். அவருக்கு ஒரு காபியும் ஒரு போர்வையும் கொடுத்துக் கூடத்தில் படுக்கச் சொல்லுங்கள். நீங்களும் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள். குளிர் நாளுக்கு அதைவிட நல்ல திட்டம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.